மூன்றாவது லைப்ரரி

‘பேப்பர் சிக்கினால் பிடித்து இழுக்க முயற்ச்சிக்க வேண்டாம்.’

பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் பார்த்ததும் கமாவின் கை தானாகப் பேனாவைத் தேடியது. பதினாறு வருடம் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தியவள். துப்பறியும் தொழிலுக்கு வந்து ஏழு வருடமாகியும் அந்தக் கை அடங்கவில்லை. கமா என்ற பட்டப்பெயரும் பதிப்பகத்தில் ஒட்டிக்கொண்டதுதான். எதிராளி பேசி முடித்ததும் “அப்புறம்?” என்பாள். அவளிடம் யாருக்கும் முற்றுப்புள்ளி கிடைத்ததில்லை.

“மேடம், சுவத்தைத் திருத்த நம்மளைக் கூப்பிடல,” என்றான் ஒட்டடை.

ஒட்டடை அவளுடைய உதவியாளன். ஆறடி இரண்டு அங்குலம், பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போகிற உடம்பு. கம்ப்யூட்டர் வேலையில் புலி. வாயை மட்டும் மூடத் தெரியாது.

“யார் எழுதினது சிஸ்டர்?” என்று கேட்டாள் கமா.

“என் தங்கச்சி. ஆபீஸ் வேலையெல்லாம் அவதான்,” என்றார் மேஜைக்கு எதிரே இருந்த பெரிய சிஸ்டர். “பிழை இருக்கா? அவ எழுதினா இருக்கும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்.”

நாற்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் பெரிய சிஸ்டர். தங்கையும் நர்ஸ் என்பதால் அவள் சின்ன சிஸ்டர். கமாவின் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பதினெட்டு நாளும், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு கமாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனவர் இந்தப் பெரிய சிஸ்டர்தான். அவர் கூப்பிட்டதும் கமா வேறு எதுவும் கேட்காமல் வந்ததற்குக் காரணம் அது.

செருப்புக் கடைக்கு மேலே இரண்டே அறைகள். அங்கிருந்துதான் நர்ஸ்களுக்கான அந்த வெப்சைட் நடந்தது. வார்டில் நடக்கும் தவறுகள், ஆள் பற்றாக்குறை, ஓய்வில்லாத இரட்டை ஷிப்ட் எல்லாவற்றையும் பெயர் வெளியே தெரியாமல் எழுதலாம். எழுதுகிறவருக்கு ஒரு எண் மட்டும்தான். போலி ஆட்கள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொருவரும் தங்கள் சமூக வலைத்தளக் கணக்கு வழியாக உள்ளே வர வேண்டும். வந்தவர் நர்ஸ்தானா என்று பார்த்ததும் சைட் அவர் பெயரை மறந்துவிடும். இது பெரிய சிஸ்டர் கொடுத்த வாக்கு. அதை நம்பி முன்னூறு பேர் சேர்ந்திருந்தார்கள்.

ஜூன் மாதம் ஒரே நாளில், ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நர்ஸ்களுக்கு வேலை போனது. கடிதத்தில் ‘ஆட்குறைப்பு’ என்று இருந்தது. பதினோரு பேரும் அந்த சைட்டில் எழுதியவர்கள்.

“நாளைக்குத் தொழிலாளர் ஆபீஸ்ல விசாரணை,” என்றார் பெரிய சிஸ்டர். “பேரு எப்படி வெளிய போச்சுன்னு தெரியலைன்னா, ஆட்குறைப்புதான்னு சாதிச்சிடுவாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பதினோரு பேரும் இங்க வராங்க. நான் என்னம்மா பதில் சொல்றது?”

“உங்களுக்கு யார் மேல சந்தேகம்?”

“வேற யாரு? புரோகிராமர்தான். அவன் தேர்ந்தெடுத்த லைப்ரரிதான் பேரையெல்லாம் எழுதி வச்சிருக்கு. பிரச்சினை வெடிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி சொல்லாம கொள்ளாம வேலையை விட்டுட்டான். இதோ, அவனே எழுதின குறிப்பு.”

இரண்டு பக்கத் தாளை நீட்டினார். மேலே புரோகிராமரின் பெயர், மார்ச் 3 என்று தேதி.

கமா ஒட்டடையைப் பார்த்தாள். “லைப்ரரியைப் பத்தி எனக்குப் புரியற மாதிரி சொல்லு. சுருக்கமா.”

“சைட் ஜாவாவுல எழுதினது மேடம். அதுக்கு வெளியில இருக்கிற சமூக வலைத்தளங்களோட பேசத் தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாஷை, ஒரு பிகு. அதனால யாராவது ஏற்கெனவே எழுதி வச்ச ரெடிமேட் புரோகிராமை எடுத்து நடுவுல உட்கார வைக்கணும். அதுதான் லைப்ரரி. கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு வீட்டுக்கும் போவார், ரெண்டு பக்கமும் பேசுவார். தரகர் நல்லவரா இருந்தா கேட்டதை மறந்துடுவார். சிலர் டைரியில எழுதி வச்சுப்பாங்க.”

“இங்க வந்தவர் டைரி எழுதறவர்.”

“அதேதான். குறிப்புல மூணு லைப்ரரியை ஒப்பிட்டிருக்கு. பேரெல்லாம் வாயில நுழையாது, நானே பேர் வச்சுட்டேன். பெரியண்ணன், நடுவுலவன், கடைக்குட்டி. பெரியண்ணன் இருபது வலைத்தளத்தோட பேசுவார், ஆனா உடம்பு கனம். நடுவுலவனை எழுதினவர் ரெண்டு வருஷமா எட்டிக்கூடப் பார்க்கல. கடைக்குட்டி இளசு, வேகம். ஆனா உள்ள வர ஒவ்வொருத்தர் பேரையும் நேரத்தோட ஒரு ஃபைல்ல எழுதி வைப்பான். எழுதாதேன்னு நாமதான் சொல்லணும். குறிப்பு கடைக்குட்டியைத்தான் சிபாரிசு பண்ணுது.”

கமா தாளைப் பிழை திருத்துகிறவளின் கண்ணோடு, வார்த்தை வார்த்தையாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

“‘நர்ஸ்கள் அதிகம் பயன்படுத்தும் புது வலைத்தளத்தையும் இதன் ஐந்தாம் பதிப்பு இணைத்துவிடுகிறது.’ ஒட்டடை, ஐந்தாம் பதிப்பு எப்ப வந்ததுன்னு பாரு.”

ஒட்டடை போனில் தேடினான். புருவம் ஏறியது. “மே இருபது.”

“மே மாசம் பிறந்த குழந்தையை மார்ச் மாசமே அழகா இருக்குன்னு எழுதியிருக்காங்க.”

பெரிய சிஸ்டர் விழித்தார். “அப்படின்னா?”

“இந்தக் குறிப்பு மார்ச்சுல எழுதினது இல்ல சிஸ்டர். மே இருபதுக்கு அப்புறம் யாரோ உட்கார்ந்து எழுதி, பழைய தேதியைப் போட்டிருக்காங்க.”

“அவனேதான் மாத்தியிருப்பான்!”

“இருக்கலாம். அப்புறம்?”



*

புரோகிராமர் இப்போது வாடகைக் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். மதிய இடைவேளையில் நாலாவது மாடிப் படிக்கட்டில் வந்து சந்தித்தான். கையில் பாதி சாப்பிட்ட ரொட்டி. நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாத ரகம்.

“அவங்க அனுப்பினாங்களா?” என்றான்.

“யாரு?”

“பெரிய சிஸ்டர்.” அந்தப் பெயரைச் சொன்னபோது அவன் முகம் கசந்தது. “நான் அவங்களை எங்கம்மா ஸ்தானத்துல வச்சிருந்தேன்.”

கமா குறிப்பை நீட்டினாள். அவன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“இது என்னோடது இல்ல.”

“பேர் உங்களோடது,” என்றான் ஒட்டடை.

“பேர் மட்டும்தான்.” போனில் ஒரு மெயிலைத் திறந்து காட்டினான். மார்ச் 3. அதே மூன்று லைப்ரரிகள், அதே அட்டவணை. முடிவு மட்டும் வேறு. ‘பெரியண்ணன்’ கனமாக இருந்தாலும் பெயரை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. நம் முயற்சிக்கு அதுதான் முக்கியம் என்று எழுதியிருந்தான். சைட் அதை வைத்துத்தான் ஏப்ரலில் ஆரம்பித்திருக்கிறது.

“அப்புறம் ஏன் மாத்தினீங்க?”

“மே கடைசியில சின்ன சிஸ்டர் வந்தாங்க. புது வலைத்தளத்துல இருக்கறவங்களால உள்ள வர முடியலையாம், மூணாவது லைப்ரரியைப் போடச் சொல்லி அக்கா சொன்னாங்கன்னாங்க. எனக்குப் பிடிக்கல. அது பேரை எழுதி வைக்கும்னு பெரிய சிஸ்டருக்கே மெயில் போட்டேன். பதில் வந்தது.”

கமா அந்தப் பதிலைப் படித்தாள். பெரிய சிஸ்டரின் முகவரியிலிருந்து வந்திருந்தது. ‘அது எனக்குத் தெரியும். உடனே மாற்ற முயற்ச்சி செய்யவும். இதைப் பற்றி வேறு யாரிடமும் பேச வேண்டாம்.’

“மாத்தினேன். ஆனா பேரை எழுதாதேன்னு ஒரு வரி போட்டுட்டுத்தான் மாத்தினேன். மறுநாள் பார்த்தா எழுதுன்னு மாறியிருக்கு. திருப்பி மாத்தினேன். அதுக்கு மறுநாளும் அப்படியே.” ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினான். “மூணாவது நாள் நான் அதைத் தொடவே இல்ல. ரெண்டு வாரம் போனேன் வந்தேன். அப்புறம் ராஜினாமா. முன்னூறு பேரை நம்ப வச்சு ஒருத்தங்க காட்டிக் கொடுக்கறாங்கன்னா, நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“அந்த வரியை மாத்த ஜாவா தெரியணுமா?”

“வேண்டாம்,” என்று முந்திக்கொண்டான் ஒட்டடை. “பேக்ஸ்பேஸ் பட்டன் எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்.”

புரோகிராமர் முதல் தடவையாகச் சிரித்தான். சிரிப்பு உடனே போய்விட்டது. “நான் எதுக்கு வேண்டாம்னு சொன்னேனோ, அதையே அவங்களுக்கு வழியா காட்டிட்டேன். அதுதான் உறுத்துது.”

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒட்டடை ஆரம்பித்தான். “மேடம், நம்ம கட்சிக்காரரேதான் குற்றவாளின்னா, நாம யாருக்கு வேலை பார்க்கறோம்?”

கமாவுக்கு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அந்த வெள்ளை உடை ஞாபகம் வந்தது. கைப்பையிலிருந்து பெரிய சிஸ்டர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த புகார்க் கடிதத்தை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“‘எவ்வளவோ முயற்சி செய்தும்.’ பார்த்தியா?”

“பார்த்தேன். பாவமா எழுதியிருக்காங்க.”

“எழுத்தைப் பாரு. சரியா எழுதியிருக்காங்க. புரோகிராமரும் சரியா எழுதறான். மெயில்ல வந்த பதில்ல மட்டும் ஒரு ‘ச்’ கூடுதல்.”

ஒட்டடை நிமிர்ந்து உட்கார்ந்தான். பஸ் கூரை தலையில் இடித்தது. “பிரிண்டர்!”

“பெரிய சிஸ்டரோட மெயிலை யார் பார்க்கறாங்கன்னு போன் பண்ணிக் கேளு. கேக்கறதுக்கு முன்னாடியே எனக்குப் பதில் தெரியும்.”

*

பதினோரு பேரை நீக்கிய அதே ஆஸ்பத்திரியின், சலவைக்குப் போகும் துணி மூட்டைகள் அடுக்கியிருந்த பின்வாசலில், ஷிப்ட் முடிந்து வந்த சின்ன சிஸ்டரை இருவரும் பிடித்தார்கள். நாற்பது வயது. நின்ற கால்களில் பன்னிரண்டு மணி நேர வலி தெரிந்தது.

“அக்கா சொன்னாங்க நீங்க விசாரிக்கறீங்கன்னு. அந்த புரோகிராமர் கிடைச்சானா?”

“கிடைச்சார். ஒரே ஒரு சந்தேகம் சிஸ்டர். முயற்சிங்கிற வார்த்தைக்கு நடுவுல புள்ளி வச்ச ‘ச்’ வருமா?”

“வருமே. முயற்ச்சி.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “ஏன்?”

“வராது. ‘ற்’ வந்துட்டா அதுக்குப் பின்னால இன்னொரு புள்ளி எழுத்து நிக்காது.” கமா மெயிலின் நகலை நீட்டினாள். “உங்க அக்கா பேர்ல நீங்க எழுதின பதில்ல நிக்குது.”

சின்ன சிஸ்டர் அதைப் படிக்கக்கூட இல்லை. துணி மூட்டை ஒன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். ஒட்டடை ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“எனக்கு ஒரே ஒரு பேர்தான் வேணும்னு இருந்தது,” என்றாள். “மத்தது எதுவும் வேண்டாம்னுதான் ஆரம்பிச்சேன்.”

“யார் பேர்?”

“நாற்பத்தொண்ணாம் நம்பர். மே மாசம் அந்த நம்பர்ல ஒரு பதிவு வந்தது. தொடர்ந்து ரெண்டு ஷிப்ட் பார்த்த நர்ஸ் ஒருத்தி, ஆறாம் நம்பர் கட்டிலுக்குப் போட வேண்டிய ஊசியை ஒன்பதாம் நம்பருக்குப் போட்டுட்டா. பயந்து போய் சார்ட்டை மாத்தி எழுதிட்டா. நோயாளிக்கு நல்லவேளையா ஒண்ணும் ஆகல. அந்த நர்ஸ் நான்தான்.”

கமா “அப்புறம்?” என்று கேட்கவில்லை.

“பேர் போடல. ஆனா ஆறு, ஒன்பதுன்னு கட்டில் நம்பர் போட்டா வார்டுல தெரியாதா? நான் வந்தா பேச்சு நிக்கும். மருந்து எடுத்தா பின்னாலேயே ஒருத்தி வந்து சரிபார்ப்பா. யாரோ பார்த்திருக்காங்க, மூஞ்சிக்கு நேரா சொல்லாம எழுதியிருக்காங்கன்னு ஒவ்வொருத்தியையா சந்தேகப்பட்டேன். அப்பதான் புரோகிராமர் மெயில் வந்தது. அந்த மூணாவது லைப்ரரி பேரை எழுதி வைக்கும்னு.”

“நீங்க அதுக்கு முன்னாடியே அந்த லைப்ரரியைக் கேட்டிருக்கீங்களே?”

“அது நிஜமாவே புது வலைத்தளத்துக்காகக் கேட்டது. மெயிலைப் படிச்சதும்தான் புத்தி போச்சு.” முந்தானையைச் சுருட்டினாள். “ஃபைல்ல யார் எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்கன்னு இருக்கும். சைட்ல எந்த நம்பர் எத்தனை மணிக்கு எழுதினதுன்னு இருக்கும். ரெண்டையும் சேர்த்தா ஆள் தெரிஞ்சிடும். நாற்பத்தொண்ணு மறுபடி எழுதட்டும்னு காத்திருந்தேன். ஒன்பது நாள் கழிச்சு எழுதுச்சு.”

“யாரு?”

“அக்கா.”

சலவை வண்டி ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை.

“அந்த ஊசி விஷயத்தை நான் உலகத்துலயே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன் மேடம். காலையில சமையல்கட்டுல நின்னு, அவ தோள்ல சாஞ்சு அழுதுக்கிட்டே சொன்னேன். தலையைத் தடவிக் கொடுத்தா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னா. அதே வாரம் எழுதியிருக்கா. நான் அழுததைக்கூட எழுதியிருக்கா. வார்டுல இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேனே, ஒரு தடவைகூட அவ மேல சந்தேகம் வரல எனக்கு.”

“அதுக்காகப் பதினோரு பேரையா காட்டிக் கொடுத்தீங்க?” கமாவின் குரல் அவளையும் மீறி உயர்ந்தது.

“அந்த சைட்டை நம்பி இனிமே யாரும் அவகிட்ட வரக் கூடாதுன்னு மட்டும்தான் நினைச்சேன். எங்க ஆஸ்பத்திரியில எழுதறவங்க லிஸ்டை சூப்பரின்டென்டென்ட்டுக்கு அனுப்பிட்டேன். கூப்பிட்டுக் கண்டிப்பாங்க, சைட் மூடிடும்னு நினைச்சேன். வேலை போகும்னு சத்தியமா நினைக்கல. அப்புறம் பயந்து போய் அந்தக் குறிப்பை மாத்தினேன்.”

*

நாலரை மணிக்கு, செருப்புக் கடைக்கு மேலே, பெரிய சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். தங்கையின் பெயர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“நாற்பத்தொண்ணு யாருன்னு நீங்க என்கிட்ட சொல்லவே இல்ல,” என்றாள் கமா.

“அது இதோட சம்பந்தப்படும்னு தெரியாதும்மா. ரெட்டை ஷிப்ட் என்ன பண்ணும்னு ஊருக்குக் காட்ட எனக்கு ஒரு உதாரணம் வேணும்னு இருந்தது. அதைவிட நல்ல உதாரணம் கிடைக்கல.”

“அவங்க உங்க தங்கச்சி. உதாரணமா?”

பெரிய சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய வார்டுக் குரலில், மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். அந்தப் புரோகிராமர் எங்கயோ வேலைக்குச் சேர்ந்துட்டான், அவனுக்கு என்ன ஆயிடப் போகுது? குறிப்புல அவன் பேர் இருக்கு. நீ அதையே எழுதிக் கொடுத்துடும்மா. உங்கம்மாவை நான் எப்படிப் பார்த்துக்கிட்டேன்னு உனக்குத் தெரியும்.”

கமாவுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளையும் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது அதை மேஜை மேல் போட்டு விலை பேசுகிறார்.

ஒட்டடை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “மேடம், நான் கீழ நிக்கறேன். இங்க நின்னா ஏதாவது பேசிடுவேன்.”

“நில்லு, நானும் வரேன்.” கமா தன் அறிக்கையை மேஜையில் வைத்தாள். “இதுல நடந்தது நடந்தபடி இருக்கு சிஸ்டர். அஞ்சு மணிக்கு அவங்க வந்ததும் நீங்க சொல்லுங்க. இல்லைன்னா நான் திரும்பி வந்து படிப்பேன். எங்கம்மாவுக்காக உங்களுக்கு நான் செய்யக்கூடியது, நீங்க முதல்ல பேசறதுக்கு விடறது மட்டும்தான்.”

கதவைத் திறந்தபோது படியில் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பதினோரு பெண்கள். சிலர் கையில் வேலைநீக்கக் கடித உறை இருந்தது. ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். கமாவும் ஒட்டடையும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

கடைசியாக, சீருடையோடு, சின்ன சிஸ்டர் வந்தாள்.

அறையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தையை வைத்திருந்தவள்தான் முதலில் எழுந்தாள்.

“அய்யோ, உங்களையுமா? உங்களையும் எடுத்துட்டாங்களா?” ஓடிவந்து சின்ன சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “காலெல்லாம் வீங்கியிருக்கு பாருங்க. யாராவது தண்ணி கொடுங்க. அக்கா, நீங்க இங்க உட்காருங்க.”

தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். இன்னொருத்தி முதுகைத் தடவினாள்.

பெரிய சிஸ்டர் தங்கையைப் பார்த்தார். தங்கை அவரைப் பார்க்கவில்லை. பெரிய சிஸ்டரின் கை மேஜை மேல் இருந்த அறிக்கை வரை போனது, அதை எடுக்கவில்லை.

சின்ன சிஸ்டர் உட்காரவில்லை. தண்ணீரும் வாங்கவில்லை. பிடித்திருந்த கையை ஒவ்வொரு விரலாக விடுவித்தாள். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“முதல் தாள், நான் சூப்பரின்டென்டென்ட்டுக்கு அனுப்பின லிஸ்ட். உங்க பதினோரு பேர் பேரும் இருக்கு,” என்றாள். “ரெண்டாவது அவர் போட்ட பதில். ‘எழுதியவர்கள் மீது உடனே நடவடிக்கை எடுக்கிறோம்’னு இருக்கு. நாளைக்கு விசாரணையில இதைக் காட்டுங்க. ஆட்குறைப்புன்னு அவங்களால சொல்ல முடியாது.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டியவள் இன்னும் நீட்டிக்கொண்டேதான் இருந்தாள். குழந்தையை வைத்திருந்தவள் தாளை எடுத்து, மூன்றாவது வரியில் தன் பெயரைக் கண்டுபிடித்தாள்.

அவள் கத்தவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, தான் இழுத்துப் போட்ட நாற்காலியை எடுத்து, பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.